ஆராதனை முடிந்த கையோடு பிரஷர் பார்க்கலாமா?

நீலகிரிச் சபைகளில் சுகாதார ஊழியம் செய்கிறவர்களும் செய்ய நினைக்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பதில் எழுதுபவர்கள் சமூக நலச் செவிலியர்கள். கேட்டவர்களின் பெயரையும் சபையின் பெயரையும் எடுத்துவிட்டு, கேள்விகளைச் சுருக்கித் தந்திருக்கிறோம்.

நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். "சபைக்கு ஒரு மருத்துவ ஊழியம் ஆரம்பித்துக் கொடுங்கள் சிஸ்டர்" என்று கமிட்டியில் கேட்கிறார்கள். எதிலிருந்து தொடங்குவது? சின்னதாக ஒரு கிளினிக் போட்டுவிடலாமா?
– கோத்தகிரி வாசகி

கிளினிக் வேண்டாம் சிஸ்டர். ஊசி, டிரிப்ஸ், மாத்திரை என்று இறங்கினால் டாக்டர் வேண்டும், அரசுப் பதிவு வேண்டும், மருந்துக் கணக்கு வேண்டும். அதெல்லாம் இருக்கிற இடங்கள் கோத்தகிரியிலேயே இருக்கின்றன. டாக்டரிடம் போய்வந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். சொன்னது பாதி புரியவில்லை, ஒரு மாத மாத்திரை தீர்ந்ததும் "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று நிறுத்தியாகிவிட்டது, மறு தேதிக்குக் கூட்டிப்போக ஆளில்லை. இப்படிப்பட்டவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அவர்களைச் சிகிச்சையை விட்டு நழுவாமல் பிடித்துக்கொள்வதுதான் சபை நர்ஸின் வேலை.

இந்த ஏற்பாட்டுக்கு இன்றைய வடிவம் கொடுத்தவர் கிரேஞ்சர் வெஸ்ட்பெர்க் என்ற அமெரிக்க லூத்தரன் போதகர். 1980-களின் நடுவில், சிகாகோவுக்குப் பக்கத்தில், ஒரு மருத்துவமனையின் துணையோடு ஆறு நர்ஸ்களைச் சபைகளில் அமர்த்தித் தொடங்கினார். அவர்களுடைய வேலை கற்றுக்கொடுப்பது, காதுகொடுத்துக் கேட்பது, சரியான இடத்துக்கு அனுப்புவது, தொண்டர்களைப் பழக்குவது, கூடவே ஜெபிப்பது. காயத்துக்குக் கட்டுப் போடுவதோ ஊசி போடுவதோ அதில் இல்லை. அந்த எல்லைக்கோடு இன்றைக்கும் பொருந்தும்.

முதல் மாதம் இயந்திரம் எதுவும் வாங்காதீர்கள். போதகரோடு உட்கார்ந்து பேசி மூன்று பேரைச் சேருங்கள்: நீங்கள், நோட்டுப் புத்தகம் ஒழுங்காக எழுதும் ஒருவர், ஜீப்போ ஆட்டோவோ வைத்திருக்கும் ஒருவர். வீட்டுக்கு அரைத்தாள் ஒன்று கொடுங்கள். தனியாக இருக்கும் முதியவர், படுக்கையில் இருப்பவர், கர்ப்பிணி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை, தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யாராவது உண்டா என்று மட்டும் கேளுங்கள். என்ன நோய் என்று தாளில் கேட்க வேண்டாம். விருப்பமில்லாதவர் தாளைத் திருப்பித் தராவிட்டால் விட்டுவிடுங்கள். அதே மாதத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரையும் கிராம சுகாதார நர்ஸையும் பார்த்து, "எங்களிடமிருந்து சீட்டோடு ஆட்கள் வருவார்கள்" என்று சொல்லி வையுங்கள். பிரஷருக்கும் சுகருக்கும் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. உங்கள் ஊருக்கு வரும் பெண் தன்னார்வலர் யார் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் மாதம் வாங்க வேண்டியவை: மேல்கையில் கட்டும் டிஜிட்டல் பிரஷர் மெஷின் ஒன்று, அதற்கு 22–32 செ.மீ., 32–42 செ.மீ. கைச் சுற்றளவுக்கு என்று இரண்டு கஃப் (கையில் சுற்றும் பட்டை), தையல் டேப், எடை மெஷின், தெர்மாமீட்டர், பூட்டுள்ள பெட்டி. இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது பரிந்துரைச் சீட்டு. கார்பன் வைத்த சிறிய பில் புத்தகம் போதும். பெயர், தேதி, எடுத்த அளவு, எதற்காக அனுப்புகிறோம், எங்கே அனுப்புகிறோம் என்று எழுதி, அடியில் "போனாரா?" என்று ஒரு கட்டம் போடுங்கள். பதினான்காம் நாள் போன் செய்து அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும். அது காலியாகவே கிடந்தால் அன்றைக்கு அளவெடுத்ததற்குப் பயனில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசலில் மேஜை போட்டுப் பிரஷர் பார்க்கிறோம். பாதிப் பேருக்கு 150, 160 என்று வருகிறது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் "நார்மல்" என்று திரும்பி வருகிறார்கள். மெஷின் பழுதா?
– குன்னூர் வாசகர்

மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன் உட்காரவைக்கும் விதத்தைப் பாருங்கள். உங்கள் மேஜை வாசலில் இருக்கிறது. குளிர்காற்று பட்டால் தோலுக்கு அடியில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கி பிரஷர் ஏறும். ஆராதனை முடிந்து எழுந்தவர் நாலு பேரோடு பேசிக்கொண்டே படியிறங்கி வந்து நேரே கையை நீட்டுகிறார். வீட்டிலிருந்து கிளம்பியவர் இன்னும் பாத்ரூம் போகவில்லை. வயிறு முட்ட மூத்திரம் இருந்தாலே 10 புள்ளி கூடும், பேசிக்கொண்டே இருந்தால் இன்னொரு 10.

அடுத்தது ஸ்வெட்டர். மலையில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். கம்பளி மேலே கஃப் கட்டினால் எண்ணை நம்பவே முடியாது. 5 முதல் 50 வரை தப்பாகலாம். சரி, கையை மேலே சுருட்டிவிடுவோம் என்றால், ரவிக்கைக் கையும் ஸ்வெட்டர் கையும் சேர்ந்து தோளுக்குக் கீழே கயிறு கட்டியதுபோல் இறுக்கும், அதுவும் தப்பு. ஸ்வெட்டரின் ஒரு கையை முழுக்கக் கழற்றி, சால்வையால் மறு தோளையும் முதுகையும் மூடிவிட்டு, வெறும் கையில் கட்டுங்கள். கஃபின் கீழ் ஓரம் முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே நிற்க வேண்டும். கட்டிய பின் உள்ளே ஒரு விரல் நுழைய இடம் இருக்க வேண்டும்.

மேஜையை உள்ளே, ஞாயிறு பள்ளி அறைக்கு மாற்றுங்கள். முதுகு சாய ஒரு நாற்காலி, கால் இரண்டும் தரையில், கால்மேல் கால் வேண்டாம். கையை மேஜை மேல், நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். நெஞ்சு மட்டத்துக்கு 10 செ.மீ. கீழே தொங்கினால் 7, 8 புள்ளி கூடும். மேஜை தாழ்வாக இருந்தால் இரண்டு பாட்டுப் புத்தகங்களை அடுக்கி உயரம் ஏற்றுங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். காபியோ பீடியோ முடிந்து அரை மணி ஆகியிருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரியை எழுதுங்கள். முதல் தடவை வருபவருக்கு இரண்டு கையிலும் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையை நோட்டில் குறித்துக்கொண்டு, இனி அதிலேயே பாருங்கள். தையல் டேப்பால் மேல்கைச் சுற்றளவை அளந்து கஃபைத் தேர்ந்தெடுங்கள். பருமனான கையில் சின்ன கஃப் கட்டினால் இல்லாத பிரஷர் தெரியும்.

இவ்வளவும் செய்தபின் 140/90 அல்லது அதற்கு மேல் வந்தால், ஒரே நாளில் முடிவு கட்டாமல் இரண்டு மூன்று வாரத்துக்குள் இன்னொரு நாள் பார்த்து, அப்போதும் இருந்தால் சீட்டு எழுதுங்கள். 180/120-ஐத் தாண்டி, நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, குழறும் பேச்சு, தாங்கமுடியாத தலைவலி இதில் ஏதாவது இருந்தால் 108. அறிகுறி இல்லையென்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, இறங்காவிட்டால் அன்றே டாக்டரிடம் அனுப்புங்கள். நாக்குக்கு அடியில் மாத்திரையைப் பிழிந்து விடும் பழைய பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. சட்டென்று இறக்கினால் மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறைந்து பக்கவாதமே வரலாம். செய்யவே கூடாது.

மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் இறங்காத கொழுந்து பறிக்கும் அம்மாக்களிடம், முட்டிவலிக்குக் கடையில் என்ன வாங்கிப் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் வகை வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். நேரடியாகக் கேட்டால்தான் சொல்வார்கள், அதை மருந்தாகவே அவர்கள் கணக்கில் வைப்பதில்லை.

சுகர் முகாம் நடத்தினோம். குளுக்கோமீட்டர் காலையில் அடிக்கடி "எரர்" காட்டியது. ஒரே ஆளுக்கு 240, கை கழுவிவிட்டுப் பார்த்தால் 130. ஏன்? ஊசிகளை எங்கே போடுவது?
– ஊட்டி வாசகி

முதல் கேள்விக்கு விடை குளிர். பெரும்பாலான மீட்டர்கள் 10 டிகிரிக்குக் கீழே வேலை செய்யாது. ஜனவரி காலையில் உங்கள் ஹால் அதற்குக் கீழேதான் இருக்கும். மீட்டரையும் ஸ்டிரிப் டப்பாவையும் முகாமுக்கு அரை மணி முன்பே கோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள். ஸ்டிரிப் எடுத்த அடுத்த நொடியே மூடியை அழுத்துங்கள். மூடுபனி நாளில் திறந்து கிடந்த டப்பா அடுத்த வாரம் தப்பாகவே காட்டும். திறந்த தேதியை டப்பா மேல் எழுதுங்கள்.

240-க்குக் காரணம் விரலில் ஒட்டியிருந்த இனிப்பு. ஆரஞ்சு உரித்த கை, டீயில் வர்க்கி நனைத்துத் தின்ற கை, எதுவானாலும் அந்தச் சர்க்கரையையும் மீட்டர் சேர்த்தே எண்ணும். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தால் இனிப்பும் போகும், சில்லிட்ட விரலில் ரத்தமும் வரும். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள். முதல் சொட்டைப் பஞ்சால் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். பிழிந்து பிழிந்து எடுத்தால் நீர் கலந்து அளவு மாறும்.

சாப்பிட்ட நேரம் பார்க்காமல் எடுத்த சுகர் 140-ஐத் தாண்டினால் வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு. 200-ஐத் தாண்டினால் அந்த வாரமே. 300-க்கு மேல் இருந்து வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் அன்றே, கூட ஒருவரோடு. மீட்டரை வைத்து "உங்களுக்குச் சுகர் இருக்கிறது" என்று யாருக்கும் முடிவு சொல்லாதீர்கள்.

குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று, ஒரு தடவை மட்டும். பேனா போன்ற குத்தும் கருவியில் ஊசியை மட்டும் மாற்றிப் பலருக்குப் பயன்படுத்தினால் ஹெபடைடிஸ் பி பரவும். உலகில் பல இடங்களில் அப்படிப் பரவியிருக்கிறது. தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒருமுறை ஊசிகளை வாங்குங்கள். 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகள் முகாம்களுக்கும் பொருந்தும். ஊசி துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில், ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், கையுறை சிவப்புப் பையில். டப்பா முக்கால் பாகம் நிறைந்ததும் மூடி, முன்பே பேசி வைத்த மருத்துவமனையில் ஒப்படையுங்கள். சபை வளாகத்தில் குழி தோண்டிப் புதைப்பதும் எரிப்பதும் கூடாது.

லெந்து நாட்களில் வெள்ளிதோறும் உபவாச ஜெபம். காலை 6 மணியிலிருந்து மாலை 4 வரை தண்ணீர் மட்டும். சுகர் மாத்திரை சாப்பிடுகிற பத்துப் பதினைந்து பேர் உண்டு. தடுத்தால் "விசுவாசம் இல்லையா?" என்கிறார்கள். என்ன செய்வது?
– குன்னூர் வாசகி

யாரிடமும் "உபவாசம் கூடாது" என்று தொடங்காதீர்கள். "என்ன மாத்திரை?" என்று தொடங்குங்கள். அட்டையைப் பார்த்தால்தான் ஆபத்து எவ்வளவு என்று தெரியும்.

மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவருக்குச் சுகர் தாழ்ந்துபோவது அபூர்வம். கிளிமெபிரைட், கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் என்று இருந்தால் எச்சரிக்கை. அவை சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினைச் சுரக்கவைக்கும். காலையில் வழக்கப்படி அந்த மாத்திரையைப் போட்டுவிட்டுப் பட்டினி இருப்பதுதான் மதியம் ஆளைச் சாய்க்கிறது. பல அட்டைகளில் மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்திருக்கும், சிறிய எழுத்தையும் படியுங்கள். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் ஆபத்து வேறு விதம். நீண்ட பட்டினியில் ரத்தம் அமிலமாகும், சுகர் எண் பெரிதாக ஏறாமலே வாந்தியும் மூச்சிரைப்பும் வரும். இன்சுலின் போடுபவர் தானாக நிறுத்தவும் கூடாது, வழக்கமான அளவைப் போட்டுவிட்டுப் பட்டினி இருக்கவும் கூடாது. ஆகவே லெந்து தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இவர்களுக்குச் சீட்டு எழுதி, "வெள்ளிக்கிழமை பத்து மணி நேரம் பட்டினி இருக்கலாமா, அன்றைக்கு மாத்திரையை எப்படி மாற்றுவது?" என்று டாக்டரிடமே கேட்டு வரச் சொல்லுங்கள்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவர், கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், சமீபத்தில் சுகர் தாழ்ந்து மயங்கியவர், இவர்கள் சாப்பாட்டை விடவே கூடாது. இவர்களிடம் போதகரே பேசுவது நல்லது. டி.வி., செல்போன், இனிப்பு இவற்றை விட்டு உபவாசம் இருக்கலாம் என்று பிரசங்கத்திலேயே அவர் சொல்லிவிட்டால், யாரும் தனியாக வெட்கப்பட வேண்டியிருக்காது.

ஜெபக்கூட்டம் நடக்கும் நாளில் ஒரு மீட்டர், ஒரு டப்பா குளுக்கோஸ் பொடி, சர்க்கரை, பிஸ்கட் பின்வரிசையில் இருக்கட்டும். கண்ணை மூடி ஜெபிக்கிறவரையும் தாழ்ந்த சுகரில் தளர்கிறவரையும் பிரித்தறிவது கஷ்டம். ஊட்டி, குன்னூர்க் குளிரில் ஒருவருக்கு நெற்றியில் வேர்த்தால் அதையே முதல் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கை நடுக்கம், காரணமில்லாத எரிச்சல், பதில் குழறுவது பின்னால் வரும். 70-க்குக் கீழே வந்தால், அல்லது 300-க்கு மேல் போனால், உபவாசம் அங்கேயே முடிந்தது. 70-க்குக் கீழே போனவருக்கு மட்டும் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள், அது சுமார் 15 கிராம். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. ஏறிய பின் பிஸ்கட்டோ இட்லியோ. வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை சீக்கிரம் வேலை செய்யாது. அந்த மாத்திரைகள் சர்க்கரை குடலில் உடைவதைத் தடுக்கும். அதற்காகத்தான் குளுக்கோஸ் பொடி. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமெபிரைட் வகையால் தாழ்ந்த சுகர் ஏறிவிட்டு, சில மணி நேரத்தில் மறுபடி தாழும். "சரியாகிவிட்டது" என்று தனியாக வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், அன்றே டாக்டர் பார்க்க வேண்டும்.

பக்கவாதம் வந்து படுத்திருக்கும் பாட்டிக்கு வீட்டில் திருவிருந்து கொடுக்கும்போது அப்பம் புரையேறிவிட்டது. பாட்டிக்கோ திருவிருந்து வேண்டும் என்ற ஆசை. எப்படிக் கொடுப்பது?
– கேத்தி வாசகர்

முதலில் மருத்துவமனையில் வாய்வழி உணவுக்கு அனுமதி தந்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மூக்குக்குழாய் இருந்தால் வாயில் எதுவும் வேண்டாம். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகமே, நோயின் கடுமையால் வாயால் வாங்க முடியாதவர் மனந்திரும்பி விசுவாசித்தால் அவர் அதைப் பெற்றவரே என்று சொல்கிறது. போதகர் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னால் ஆறுதலாக இருக்கும்.

அனுமதி உண்டென்றால், படுத்த நிலையில் கொடுக்காதீர்கள். தலையணைகளை அண்டக்கொடுத்து நேராக நிமிர்த்தி உட்காரவையுங்கள். வாய் காய்ந்திருந்தால் ஈரப்பஞ்சால் துடையுங்கள். அரிசி அளவு அப்பத்தைத் திராட்சரசத்தில் முழுக்க நனைத்து, பலமுள்ள பக்கத்துக் கன்னத்தில் வையுங்கள். தாடையைச் சற்றுக் கீழே தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். பிறகு "ஆமென்" சொல்லச் சொல்லுங்கள். குரல் தெளிவாக வந்தால் சரி. தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் கரகரத்தால் தொண்டையில் தங்கியிருக்கிறது என்று பொருள், மேற்கொண்டு கொடுக்கக்கூடாது. கன்னத்து இடுக்கில் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அரை மணி உட்கார்ந்த நிலையிலேயே வையுங்கள். இரண்டு நாளில் காய்ச்சலோ சளியோ வந்தால் புரையேறியதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் மாத முழு இரவு ஜெபத்தில் குளிர் தாங்காமல் இரும்புச் சட்டியில் கரி கனல வைக்கிறோம். புகை இல்லாமல் கனிந்த பிறகே உள்ளே எடுக்கிறோம். பாதுகாப்புதானே?
– ஊட்டி வாசகர்

இல்லை. தயவுசெய்து இந்த வருடமே நிறுத்துங்கள். புகை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் கனலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டேதான் இருக்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். கதவு ஜன்னலைச் சாத்திக் கரி வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போனதுண்டு. கர்ப்பிணிக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் ஆபத்து இன்னும் அதிகம். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் வைத்த கேஸ் கெய்சரும் இதே வேலையைச் செய்யும்.

ஒரே அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள், 108-ல் "கரிச் சட்டி வைத்திருந்தோம்" என்று சொல்லுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த விஷவாயு பிடித்த ரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள ரத்தமாகவே அது எண்ணி 97, 98 என்று காட்டும்.

அந்த மீட்டரைப் பற்றி இன்னொன்று. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியில் 98 காட்டும் ஆரோக்கியமான ஆளுக்கு இங்கே 94, 95 காட்டலாம். சில்லிட்ட விரலும் நகப்பூச்சும் இன்னும் குறைத்துக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள். அப்போதும் 90-க்குக் கீழே இருந்தால் டாக்டர்.

வலிப்புக்கு மாத்திரை சாப்பிட்ட வாலிபன், சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து நிறுத்திவிட்டான். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டால் வீட்டில் கோபப்படுகிறார்கள்.
– கூடலூர் வாசகி

யார் சொன்னது என்ற விசாரணை வேண்டாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை மட்டும் இன்றைக்கே சொல்லுங்கள். இரண்டு வருடம்போல வலிப்பே வராமல் இருந்தால் மாத்திரையை நிறுத்துவதைப் பற்றி டாக்டரே யோசிப்பார், அதையும் மாதக்கணக்கில் கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைப்பார். "கர்த்தர் சுகம் கொடுத்திருந்தால் டாக்டரின் பரிசோதனையிலும் அது தெரியும், அதுவரை மாத்திரை போடுவோம்" என்று சொல்லிப் பாருங்கள். எசேக்கியா ராஜா ஜெபித்தார், ஆயுசு கூட்டித்தரப்பட்டது. அதன் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் புண்ணின் மேல் கட்டச் சொன்னார் (ஏசாயா 38:21). இந்த வசனத்தைப் போதகர் அந்த வீட்டில் வாசிக்கலாம். காசநோய், மனநோய், இதய மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

ஆராதனையில் வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பதும் பல்லுக்கிடையில் கரண்டி நுழைப்பதும் வேண்டாம். பெஞ்சை நகர்த்தி, தலைக்கடியில் சால்வையை மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108. அடக்கிப் பிடிக்கவோ சுற்றி நின்று அதட்டி ஜெபிக்கவோ விடாதீர்கள்.

எஸ்டேட் அக்காக்களுக்கு ரத்தசோகை. ஆறு மாதம் இரும்பு மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை.
– பந்தலூர் வாசகி

மாத்திரையை எதோடு விழுங்குகிறார்கள்? டீயோடு என்றால் விடை அங்கேயே இருக்கிறது. தேயிலையின் டானின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். மாத்திரையை எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துத் தண்ணீரில் விழுங்கட்டும். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து பலர் சொல்லாமலே நிறுத்திவிடுகிறார்கள், முதல் நாளே சொல்லி வையுங்கள். அதிக மாதவிடாய்ப் போக்கு, குடற்புழு இரண்டையும் கேளுங்கள். உயரமான இடங்களில் உடல் தானாகவே கூடுதல் ஹீமோகுளோபின் வைத்துக்கொள்ளும். ஊட்டி உயரத்தில் 12 காட்டினால் அது சமவெளியின் 11 போலத்தான், சுமார் 1 கிராம் கழித்துக்கொள்ளுங்கள். கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடியினரிடையே பரம்பரையாக வரும் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. மூட்டுவலியும் மஞ்சள் கண்ணும் சேர்ந்திருந்தால் இரும்பு மாத்திரையை நீட்டாமல் அந்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

நர்ஸிடம் சொன்னது அடுத்த ஞாயிறு ஜெபக் குறிப்பில் வந்துவிடுகிறது என்று பெண்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.
– கோத்தகிரி வாசகி

நியாயமான கோபம். போதகரிடம் உட்பட யாரிடமும், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் எதுவும் போகக்கூடாது. "உங்களுக்காகச் சபையில் ஜெபிக்கலாமா? பெயர் சொல்லலாமா? நோயைச் சொல்லலாமா?" என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். பெரும்பாலோர் முதலிரண்டுக்குத் தலையாட்டுவார்கள், மூன்றாவதற்கு மாட்டார்கள். நோட்டில் பெயருக்குப் பதில் எண் போட்டு, பெயர்ப் பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். எச்.ஐ.வி. விவரத்தைச் சம்மதமின்றி வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. இரண்டு விதிவிலக்குகளைப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் (14416-ல் நாள் முழுதும் தமிழில் பேசலாம்), குழந்தைக்கு நடக்கும் கொடுமை (1098). இவற்றை மூடிவைக்க முடியாது.

வீடுகளில் மிஞ்சிய மாத்திரைகளைச் சேர்த்து ஏழைகளுக்குக் கொடுக்கலாமா?
– குன்னூர் வாசகர்

வேண்டாம். எந்த ஈரத்தில், எந்த அலமாரியில் கிடந்ததோ தெரியாது. கத்தரித்த அட்டையில் காலாவதித் தேதி இருக்காது. டாக்டர் சீட்டில்லாத மருந்தை நர்ஸ் கொடுப்பதும் கூடாது.

ஆராதனையில் பெரியவர் ஒருவருக்கு வாய் கோணிவிட்டது. ஆம்புலன்ஸ் சபையைக் கண்டுபிடிக்கவே நேரமாகிவிட்டது. அடுத்த தடவை என்ன செய்வது?
– கூடலூர் வாசகர்

பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு. சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே அதைப் போட முடியும். ஆகவே பக்கத்தில் எந்த மருத்துவமனையில் இரவிலும் ஸ்கேன் உண்டு என்பதை இன்றைக்கே விசாரித்து, போன் எண்ணோடு வெஸ்ட்ரி (போதகர் அங்கி மாற்றும் அறை) கதவில் ஒட்டுங்கள். சபைக்கு வரும் வழியையும் நாலு வரியில் எழுதி அதன் பக்கத்திலேயே ஒட்டுங்கள்: எந்த மெயின் ரோடு, எந்தக் கடைக்கு எதிரே திரும்ப வேண்டும், வண்டி எதுவரை வரும். 108-க்குப் பேசுகிறவர் பதற்றத்தில் வழி சொல்லத் திணறுவார், அதைப் பார்த்து வாசித்தால் போதும். பேசி முடித்ததும் ஒருவர் டார்ச்சோடு மெயின் ரோட்டுக்கு ஓட வேண்டும். மூடுபனியில் டிரைவருக்குப் பெயர்ப்பலகை தெரியாது. படிக்கட்டில் தூக்கிவர வாலிபர்களில் நாலு பேரும் ஒரு ஸ்டிரெச்சரும் தயாராக இருக்கட்டும்.

அதுவரை அவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் வாயில் வேண்டாம். ஆஸ்பிரினும் வேண்டாம், மூளையில் ரத்தக்கசிவா அடைப்பா என்பது ஸ்கேனில்தான் தெரியும். மீட்டர் இருந்தால் சுகர் பாருங்கள், தாழ்ந்த சுகரும் பக்கவாதம்போலவே தெரியலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று வீட்டாரைக் கேட்டு, அந்த நேரத்தைச் சீட்டில் பெரிதாக எழுதி, அவருடைய மாத்திரைப் பையோடு, ஆம்புலன்ஸில் கூட ஏறுகிறவர் கையில் கொடுங்கள்.